பாமினியையும் கூட்டிக்கொண்டு போங்கள்



ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாதி நகரம் ஒரே நாளில் வீடு மாறுகிறதோ என்று தோன்றும். முன்பு வாடகை ஒப்பந்தங்கள் ஏப்ரல் கடைசியில் முடிந்தன. பள்ளிக்கூட வருடத்தின் நடுவில் பிள்ளைகள் அலையக்கூடாது என்பதற்காக 1970களில் சட்டத்தை மாற்றி ஜூன் 30க்குக் கொண்டுவந்தார்கள். பார்க் எக்ஸ்ரென்சனில் அந்த வளைந்த வெளிப்படிக்கட்டால் குளிர்சாதனப்பெட்டி இறக்கிய அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. முதுகு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த நாள் காலை நடைபாதையைப் பாருங்கள். மெத்தைகள், கால் உடைந்த கதிரைகள், அவற்றுக்கிடையில் கணனிகள். எனக்கு ஒரு பழக்கம், எறிந்த கணனியைக் கண்டால் நின்று பார்ப்பேன். அநேகமாக ஹாட் டிஸ்க் உள்ளேயே இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று எறிந்தவர்களுக்கே தெரியாது.

சென்ற வருடக் கடைசியில் பார்க் எக்ஸ்ரென்சனில் இருக்கும் ஒரு மாமி தொலைபேசி எடுத்தார். குரல் சரியில்லை.

"தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போவியளே? இவற்ற கணனியை மகன் எறியப் போறானாம். எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்செண்டும் சொல்லுறான்."

"இவர்" என்றது காலமான அவருடைய கணவரை. அந்த ஐயாவைப் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். யாராவது இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர், அதாவது எங்கள் ஊர்ப்பேச்சில் கல்வெட்டு, அடித்துக்கொடுப்பவர் அவர்தான். காசு வாங்கமாட்டார். தாளுக்கும் மையுக்கும் மட்டும் எடுப்பார். ஒவ்வொரு மலரிலும் வம்சாவழி இருக்கவேண்டும் என்பதில் பிடிவாதம். தகப்பன் யார், பேரன் யார், எந்தக் குறிச்சி, பெண் எடுத்தது எங்கே என்று ரொறன்ரோ, பாரிஸ், கொழும்பு எல்லாம் கூப்பிட்டு விசாரித்துத்தான் எழுதுவார். இடம்பெயர்வில் பெட்டியும் பத்திரமும் இழந்த குடும்பங்களுக்கு அந்த நாலு பக்கத்தைவிட வேறு ஆவணம் இல்லை.

நான் போனபோது மகனும் இருந்தார். நல்ல பிள்ளை. தாய்க்குப் புதிய மடிக்கணனி வாங்கிவந்திருந்தார். பழையது 2013இல் வாங்கிய மேசைக்கணனி. விண்டோஸ் 7இல் தொடங்கி, இலவசமாகக் கொடுத்த காலத்தில் விண்டோஸ் 10க்கு மாறியது. அந்த 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. இந்தக் கணனியின் வயதுக்கு விண்டோஸ் 11 ஏறாது. திறந்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கும். மகன் செய்தது நியாயமாகத்தான் பட்டது. ஐயாவின் கோப்புகளையெல்லாம் ஒரு யூஎஸ்பி குச்சியில் ஏற்றிப் புதிய கணனியில் போட்டிருந்தார்.

போட்டுத் திறந்தால், ஐயா தன் தாயாருக்கு எழுதிய மலரின் முதற் பக்கத்தில் "அம்மா" இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எம், ஆங்கில கே, ஓர் அரைப்புள்ளி, இன்னொரு கே, ஓர் எச். பக்கம் முழுக்க அப்படியே. இதைப் பார்த்துத்தான் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது என்று மாமி அழுதிருக்கிறார்.

எழுத்து அழியவில்லை. ஐயா பாமினியில் அடித்திருந்தார், அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுப் பழைய கணனியிலும் இதே விடயம் இருக்கக்கூடும். கணனிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கில சிறிய எம் எழுத்துக்கு 109 என்று எண். பாமினி எழுத்துரு செய்தது என்னவென்றால், அந்த 109க்கு எம்மின் படத்தை எடுத்துவிட்டு "அ"வின் படத்தை வைத்தது. ஆகவே கணனியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகள் தமிழ் முகமூடி போட்டு நிற்கின்றன. முகமூடி கோப்புக்குள் இல்லை, விண்டோஸின் எழுத்துருக் கோப்புறைக்குள் இருக்கிறது. கோப்பை மட்டும் தூக்கிவந்தால் முகமூடி பழைய வீட்டில் நின்றுவிடும். யூனிகோட்டில் அப்படியில்லை. அங்கே "அ"வுக்கென்றே 2949 என்ற எண் உண்டு. வேறு எழுத்துக்கு அந்த எண் கிடையாது. 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள், விண்டோஸ் 2000 அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் எங்கள் சங்கங்கள், பத்திரிகைகள், பாடசாலைகள் எல்லாம் அதற்குப் பிறகும் பல வருடம் பாமினியை விடவில்லை. கை பழகிவிட்டது. குறை சொல்ல நான் யார், நானும் அப்படித்தான்.

மகன் கெட்டிக்காரன். உடனே கேட்டார், "அண்ணை, அப்ப பாமினியை மட்டும் இறக்கிப் புதுசில போட்டால் சரிதானே?"

ஒரு பகுதிக்குச் சரி. வேர்ட் கோப்புகள் சில உயிர்த்தன. ஆனால் ஐயா தலைப்புகளுக்கு வேறு வேறு எழுத்துருக்கள் பாவித்திருந்தார். சிலவற்றின் பெயரை நான் கேள்விப்பட்டதேயில்லை, எங்கே தேடுவது? அதோடு மலர்களைப் பக்கம் கட்டியது பேஜ்மேக்கரில். அந்த மென்பொருள் 7ஆம் பதிப்போடு நின்றுபோனது. ஐயாவின் இறுவட்டு ஏதோ ஒரு ஜூலை முதலாம் திகதியில் தொலைந்தும் போயிற்று. இன்னொன்று. மகன் பாமினியைப் போட்டுத் தகப்பனின் பெயரை அடித்துப் பார்த்தார், "ஜ" வரவில்லை. பாமினியில் "ஜ" சதுர அடைப்புக்குறி விசையில் இருக்கிறது. கியூபெக்கில் விற்கும் கணனிகளின் பிரெஞ்சு விசைப்பலகையில் அந்த இடத்தில் கூரைபோன்ற குறி. ஐயா எப்போதோ விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவைத்து அதைத் தன் பாட்டில் பாவித்துவந்திருக்கிறார். இப்படி ஒருவர் பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தன் கைக்கு ஏற்றபடி அமைத்த சின்னச்சின்ன விடயங்கள் எத்தனை இருக்கும் என்று யாரால் பட்டியல் போடமுடியும்? ஆகவே நான் சொன்னேன்: கோப்பை மாற்றுவதை விடுவோம், தட்டையே முழுதாகப் பெயர்ப்போம்.

தட்டைப் பெயர்ப்பது என்பதை ஆங்கிலத்தில் குளோனிங் என்கிறார்கள். சி என்ற எழுத்தின் கீழ் தெரிகிற எல்லாவற்றையும் தெரிவுசெய்து புதிய தட்டில் ஒட்டினால் விண்டோஸ் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது தன் கோப்புகள் பலவற்றைப் பூட்டிவைத்திருக்கும். அதைவிட, கணனிக்கு மின்சாரம் வந்ததும் எங்கே போய் விண்டோஸைத் தேடுவது என்று சொல்லும் சிறு பகுதி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் தட்டில் தனியாக இருக்கிறது. நூறு எம்பி அளவுதான். அது போகாவிட்டால் புதிய தட்டு வெறும் களஞ்சியம். குளோனிங் மென்பொருள் இந்த மறைவான பகுதிகளையும் சேர்த்து, ஒழுங்கு மாறாமல் கொண்டுபோகும்.

முதலில் தட்டின் சுகத்தைப் பார்த்தேன். கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நீல நிறம் நலம், மஞ்சள் கவனம். மாமியின் தட்டு மஞ்சள் காட்டியது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும் தட்டு, அதன்மேல் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் ஓடும் ஊசி. அத்தனை வருடம் ஓடியதே பெரிய காரியம். மஞ்சள் கண்டால் முதல் வேலை குளோனிங் அல்ல. ஐயாவின் கோப்புகளை, எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து, வேறொரு வெளித்தட்டில் பிரதி எடுத்தேன். குளோனிங் என்றால் தட்டு முழுவதையும் வாசிக்கவேண்டும். நோயாளியை ஓடவிடுவது மாதிரி. நடுவில் விழுந்தாலும் முக்கியமானது கையில் இருக்கவேண்டும்.

புதிய தட்டு எஸ்எஸ்டி, சுழலும் பாகம் ஒன்றும் இல்லாதது. பழைய கணனிகளில் அதே வயரில் அப்படியே பொருந்தும். மடிக்கணனியென்றால் இரண்டு தட்டை ஒரே நேரத்தில் மாட்ட இடமிருக்காது, யூஎஸ்பியில் செருகும் ஒரு சிறு இணைப்பு வேண்டும். வாங்கும்போது அளவைப் பாருங்கள். நான் பாவிக்கும் குளோன்சில்லா தைவானில் செய்து இலவசமாகக் கொடுப்பது, நல்ல சாமான், ஆனால் கறார் பேர்வழி. பழையது 1000 ஜிபி, புதியது 960 ஜிபி என்றால், பழையதில் கால்வாசிதான் நிரம்பியிருந்தாலும் சாதாரணமாக மறுத்துவிடும். தட்டுச் செய்யும் கம்பனிகள் சில தங்கள் வாடிக்கையாளருக்குத் தரும் மென்பொருள்கள் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பிற்லொக்கர் என்று தட்டைப் பூட்டிவைக்கும் வசதி உங்கள் கணனியில் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அதை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள், 48 இலக்கத் திறப்பெண்ணைத் தாளில் எழுதிவையுங்கள். அதைத் தொலைத்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

2006இல் ஒரு நண்பர் தன் கணனியை என்னிடம் கொண்டுவந்தார். தட்டு சத்தம் போடுகிறது, மாற்றித் தா என்றார். அப்போது நோர்ட்டன் கோஸ்ட் பாவித்தோம். பழையதும் 80 ஜிபி, புதியதும் 80 ஜிபி, இரண்டும் ஒரே கம்பனி. எந்தத் தட்டிலிருந்து, எந்தத் தட்டுக்கு என்று திரை கேட்டது. ஒன்று, இரண்டு என்றுதான் இருந்தது. நான் கதைத்துக்கொண்டே தட்டினேன். சில நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு கெதியில் முடிந்ததே என்று சந்தோசப்பட்டேன். யோசித்திருக்கவேண்டும். வெறுந்தட்டை எடுத்து நிறைந்த தட்டின்மேல் எழுதியிருக்கிறேன்.

அந்த நேரத்தில் வயரைக் கழற்றிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால், பெரும்பகுதி மீண்டிருக்கும். பொருளடக்கத்தைத்தான் அழித்திருந்தேன், பக்கங்கள் உள்ளே கிடந்தன. எனக்கு அது தெரியாது. பதற்றத்தில் அதே தட்டில் புதிதாக விண்டோஸ் போட்டேன், பிறகு வேறு மென்பொருள்களும் போட்டேன், எப்படியாவது பழையபடி வரும் என்று. அதோடு சரி.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபிறகு அவர் பதினைந்து வருடத்துக்குப் பின் ஊருக்குப் போயிருந்தார். தாயோடு எடுத்த படங்கள், இடிந்த வீடு, கிணற்றடி, எல்லாம் அந்தத் தட்டில். தாய் அதற்கு அடுத்த வருடம் போய்விட்டார். அச்சில் எடுத்துவைத்தவை பதினொரு படம். நண்பர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "சரி விடு" என்றார். அந்தப் பதினொன்றையும் நான் வாங்கி ஸ்கேன் பண்ணிக் கொடுத்தேன், அது ஒரு பரிகாரமா?

அன்றிலிருந்து என் வழக்கம் இது. தொடங்குமுன் இரண்டு தட்டின் ஒட்டுத்தாளிலும் உள்ள தொடர் எண்ணைத் தாளில் எழுதுவேன். பழையதில் சிவப்பு நாடா ஒட்டுவேன். திரையில் வரும் பெயர், அளவு, எண் மூன்றையும் தாளோடு ஒப்பிட்டு வாய்விட்டு வாசிப்பேன், பக்கத்தில் இருப்பவரும் கேட்கவேண்டும். குளோன்சில்லா தொடங்குமுன் உறுதிதானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்கும். பலருக்கு அது எரிச்சல். எனக்கு அந்த இரண்டாவது கேள்வியைக் கண்டால் மரியாதை வரும். மாமி வீட்டில் மகன் வாசித்தார், நான் தாளைப் பார்த்தேன், மாமி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஓட்டம் பாதியில் நின்றது, தட்டில் வாசிக்கமுடியாத இடங்கள். பழுதான பகுதிகளைத் தாண்டிப்போகச் சொல்லும் தெரிவு ஒன்று உண்டு, அதைக் கொடுத்து மறுபடி விட்டோம். இரண்டு மணித்தியாலம். புட்டும் சம்பலும் சாப்பிட்டோம். நல்ல வேளையாக, தாண்டிப்போன இடங்களில் ஐயாவின் எழுத்து ஒன்றும் இல்லை.

முடிந்ததும் கணனியை நிறுத்திப் பழைய தட்டைக் கழற்றினேன். இதை மறக்கவேண்டாம். இரண்டும் ஒரே அடையாளம் கொண்ட இரட்டையர்கள். இரண்டையும் மாட்டிவைத்துத் திறந்தால் விண்டோஸ் குழம்பிப்போய் ஒன்றை ஒதுக்கிவைக்கும், அல்லது பழையதிலிருந்தே எழும்பும், நீங்கள் புதியது ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். பழையதைக் கழற்றி, புதியதோடு மட்டும் திறந்தோம். அரை நிமிடத்துக்குள் ஐயா வைத்திருந்த நல்லூர்க் கோயில் படம் திரையில் வந்தது. மாமி கேட்டார், "இது அந்தக் கணனிதானோ?" பேஜ்மேக்கர் திறந்தது. "அம்மா" அம்மாவாக நின்றார். மகன் தகப்பனின் பெயரை "ஜ"வோடு அடித்தார். விண்டோஸ் உரிமம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு, அது பெரும்பாலும் தாய்ப்பலகையோடு சேர்ந்தது, தட்டு மாறினால் போகாது. அன்றும் போகவில்லை.

ஆனால் மகன் வாங்கிய புதிய கணனியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. வேகம் கூடியதால் வயது குறையாது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்ற விண்டோஸில் வங்கி வேலை பார்ப்பது சரியில்லை. ஒரு வருட நீட்டிப்பு என்று 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் ஒரு வழி வைத்தார்கள், அதற்குப் பதிவுசெய்யவேண்டும். நாங்கள் வேறு முடிவு எடுத்தோம். மாமியின் வங்கி, மின்னஞ்சல், பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துக் கதைப்பது எல்லாம் புதியதில். பழையது இணைய வயரைக் கழற்றி, தமிழுக்கு மட்டும்.

அதிலும் இது கொஞ்ச காலத்துக்குத்தான். தாய்ப்பலகை ஒருநாள் நிற்கும். ஆகவே ஐயாவின் மலர்களை ஒவ்வொன்றாக முதலில் பிடிஎஃப் ஆக்கினோம், பக்கம் அப்படியே இருக்கும் என்பதற்காக. பிறகு எழுத்தை யூனிகோட்டுக்கு மாற்றத் தொடங்கினோம். சுரதாவின் பொங்குதமிழ், சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் மாற்றி என்று எங்கள் ஆட்கள் செய்து இலவசமாகத் தந்த கருவிகள் இதற்கு இருக்கின்றன. கவனிக்கவேண்டியது ஒன்று, நடுவில் ஆங்கிலத்தில் எழுதிய முகவரி, பெயர் இருந்தால் மாற்றி அதையும் தமிழென்று நினைத்து மாற்றும். கோட் டெ நேஜ் தெருவிலிருந்த ஒரு விலாசம் வாயில் நுழையாத சொல்லாகிவிட்டது. அதனால் மாற்றியதை ஒருவர் வாசித்துப் பார்க்கத்தான் வேண்டும். மாமிதான் வாசிக்கிறார். கண் கொஞ்சம் மங்கல், ஆகவே மகன் வாசிக்க அவர் கேட்பார். "இல்லையடா, அவ கந்தையற்ற மூத்த மகள், இளையவள் இல்லை" என்று, ஐயா விட்ட பிழையையும் சேர்த்துத் திருத்துகிறார். மகனுக்கு இந்த உறவுமுறையெல்லாம் இப்போதுதான் தெரியவருகிறது.

2005இலிருந்து இயங்கும் நூலகம் என்ற இணைய நூலகத்தில் நினைவுமலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மாமி ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு, கொடுக்கலாமா என்று கேட்டுவருகிறார். வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடையதைத் தனியாக வைத்திருக்கிறோம்.

பழைய தட்டை என்ன செய்வது என்று கேட்பீர்கள். புதியது ஒரு வருடமாவது ஒழுங்காக ஓடும்வரை எறியவேண்டாம். பிறகு எறிவதென்றாலும் நடைபாதையில் வைக்கவேண்டாம், அகதிக்கோரிக்கைக் காலத்துப் பத்திரம், சமூகக் காப்புறுதி இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். முழுதாக அழித்துவிட்டு நகரசபையின் எகோசென்டரில் கொடுக்கலாம். மாமியிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் தட்டைத் தரவில்லை. சிவப்பு நாடாவோடு சீலை அலுமாரிக்குள், ஐயாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அடுத்த மாதம் மலர்களைத் திருத்தி முடித்தபின் அந்த மாற்றி வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். அதுவரை, வணக்கம்.